தொழிலறிவுக்குத் தொகை கொடுத்தவர் யார்?

ஒரு தொழிலை இளமையில் கற்றவன் முதுமை வரை அதைக்கொண்டே பிழைத்துக்கொள்வான் என்பது முன்னோர் காலத்து நம்பிக்கை. தச்சனுக்கும் கொல்லனுக்கும் குயவனுக்கும் அது பெரும்பாலும் பொருந்தியது. இயந்திரமும் கணினியும் ஆட்சி செய்யும் தொழில்களுக்கு அது பொருந்தவில்லை. லாபு வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, இன்று நீலாய்த் தொழிற்சாலைகளிலும் சிப்பாங் விமான நிலையத்திலும் பழுதுபார்ப்போராகவும் கணினி இயக்குவோராகவும் பணிபுரியும் இளைஞர் எவரைக் கேட்டாலும் இது விளங்கும். ஐந்தாண்டுகளுக்கு முன் கற்ற பொறியை ஆலை மாற்றிவிடுகிறது. புதிய பொறிக்குப் புதிய பயிற்சி வேண்டும், பயிற்சிக்குப் பின் தேர்வு, தேர்வுக்குக் கட்டணம், வெளியூரில் நடக்கும் மாநாட்டுக்குப் பயணச் செலவு, போன நாள்களுக்குச் சம்பள இழப்பு. இத்தனையும் சேர்ந்தால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். சில வேளைகளில் இரண்டு மாதச் சம்பளமும் போதாது.

இந்தச் செலவு யாருடையது? தொழிலாளியுடையதா, முதலாளியுடையதா, அரசாங்கத்துடையதா? புதிய கேள்விபோல் தோன்றினாலும் இது பழைய கேள்வியேயாகும். இதே மண்ணில், ரப்பர் மரத்தடியில், ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் இது எழுந்தது. அன்று ஒரு விடையும் காணப்பட்டது. அந்த விடையால் பயன் பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பதே இங்கு ஆராயத் தக்கது.

1877-ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்த கதை பலமுறை சொல்லப்பட்டது. அதை விரிக்க வேண்டியதில்லை. மரம் வந்துவிட்டது, ஆனால் அதிலிருந்து பால் எடுக்கும் வகையை எவரும் அறிந்திலர். பிரேசில் காட்டு மக்கள் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். அப்படிக் கொத்தினால் மரம் சில ஆண்டுகளில் முடிச்சு முடிச்சாகக் கெட்டுவிடும். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ஹென்றி ரிட்லி என்னும் ஆங்கிலேயர், அடுத்து வந்த ஆண்டுகளில் பொறுமையாகச் சோதனை செய்து வேறொரு வழியைக் கண்டார். பட்டையை மெல்லியதாகச் சீவி, ஒருநாள் சீவிய வெட்டின் விளிம்பிலேயே மறுமுறையும் சீவிக்கொண்டு போனால் மரம் சாகாது, பட்டை மீண்டும் வளரும், பாலும் நின்றுவிடாது என்பதே அவர் கண்ட உண்மை. ரப்பர் விதையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டக்காரர்களை வற்புறுத்தித் திரிந்ததால் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்ற பட்டமும் அவருக்குக் கிடைத்தது. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்னும் சீனர் அவர் பேச்சை நம்பி முதன்முதலாக வாணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார்.

ரிட்லி கண்டது அறிவியல் உண்மை. அதை ஒவ்வொரு மரத்திலும் நாள்தோறும் மெய்ப்பித்துக் காட்ட வேண்டியவர்களோ சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் கப்பலேறி வந்த உழவர்கள். பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், மரத்தை வளர்க்கும் மெல்லிய தோலுக்குச் சற்று வெளியே நிறைந்திருக்கின்றன. கத்தி மேலாகப் போனால் பால் குறையும். ஒரு மயிரிழை ஆழமாகப் போனாலோ அந்தத் தோல் காயப்படும். பின் அவ்விடத்தில் வளரும் பட்டை கரடுமுரடாகி மறுமுறை வெட்டுக்கு உதவாது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் கத்தியை நிறுத்த வேண்டும். அதுவும் விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில், 300, 400 மரங்கள் கொண்ட நிரையை ஓட்டமும் நடையுமாக முடிக்கும் அவசரத்தில். மருத்துவர் கத்தி பிடிப்பதற்கும் இதற்கும் வேற்றுமை ஒன்றுதான்: மருத்துவருக்குச் சான்றிதழ் உண்டு.

இந்தக் கலையைத் தொழிலாளி எங்கே கற்றான்? பெரும்பாலும் பழுத்த மரங்களில், ஒரு பழைய ஆளின் பின்னால் நின்று கற்றான். கங்காணி காட்டுவார், மண்டோர் பட்டையைக் குத்திப் பார்த்து, காயம் இருந்தால் ஏசுவார் அல்லது சம்பளத்தில் கை வைப்பார். தாய் வெட்டும்போது மங்கு துடைத்த பெண் பிள்ளை, பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் பாதித் தொழிலைக் கண்ணாலேயே கற்றுவிடுவாள். கற்ற காலத்துக்கு முழுக்கூலி இல்லை. ஆகவே முதற் பயிற்சிக்குரிய செலவைத் தொழிலாளியின் குடும்பமே கொடுத்தது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அது ஏறவில்லை.

துரைமார் நிலை வேறு. அவர்களுக்கும் தொழில் புதிது. இலங்கையில் காப்பியும் தேயிலையும் பயிரிட்டு வந்தவர்கள் ரப்பருக்கு மாறியபோது ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் கற்றார்கள். 1906-ஆம் ஆண்டில் இலங்கைப் பேராதனைத் தாவரத் தோட்டத்தில் ரப்பருக்கெனவே ஒரு கண்காட்சி கூட்டப்பட்டது. பால் உறைய வைக்கும் முறை, தாள் உருட்டும் பொறி, வெட்டும் கத்தி வகைகள் ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் வைத்துப் பார்க்கவும், பேசவும், வாதாடவும் அது இடம் தந்தது. 1908-இல் இலண்டனிலும் அத்தகைய கண்காட்சி நடந்தது. பின்னர் ஜாவாவில் மொட்டு ஒட்டுக் கட்டும் முறை வெற்றி கண்டபோது, அதை நேரில் கண்டறிய வேண்டிய தேவை மலாயாத் தோட்டங்களுக்கும் உண்டாயிற்று. புத்தகத்தில் அச்சாகி வரும் செய்தி இரண்டாண்டு பழையது. செய்தவன் வாயால் கேட்பது அந்த வாரத்துச் செய்தி. மாநாடு என்னும் ஏற்பாட்டின் பயன் அதுவே.

1919-இல் தோட்ட நிர்வாகிகள் தங்களுக்கென ஒரு தொழிற்சங்கம் போன்ற கழகத்தைக் கோலாலம்பூரில் அமைத்தனர். அடுத்த ஆண்டிலிருந்து ‘தி பிளாண்டர்’ என்னும் சஞ்சிகையும் வெளிவந்தது. கழகம் தேர்வுகளை நடத்தியது. அவற்றுள் ஒன்று தமிழ்த் தேர்வு என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். சின்னதுரையாக வந்தவர் தமிழ் பேசக் கற்பது உத்தியோகத் தேவையாயிருந்தது. இலங்கையில் 1915-இல் ‘கூலித் தமிழ்’ என்ற பெயரிலேயே ஒரு பாடப்புத்தகம் துரைமாருக்காக அச்சாயிற்று. பெயரில் உள்ள இழிவு ஒருபுறமிருக்க, இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தோட்டத்தில் வேலை நடக்க வேண்டுமானால் மேலே உள்ளவர் கீழே உள்ளவர் மொழியைக் கற்க வேண்டும் என்று தொழில் முடிவு செய்தது. அக்கல்விக்குத் தேர்வும் வைத்தது. கீழே உள்ளவர் மேலே உள்ளவரின் தொழிலறிவைக் கற்க வேண்டும் என்று அத்தொழில் ஒருபோதும் நினைக்கவில்லை.

இனி நம் கேள்விக்கு நேர் விடையான நிகழ்ச்சிக்கு வருவோம். ஒவ்வொரு தோட்டமும் தனித்தனியே சோதனை செய்வது வீண் செலவு என்பது விரைவில் தெரிந்தது. ஒரு தோட்டம் பணம் செலவிட்டு நல்ல மரவகையைக் கண்டால் பக்கத்துத் தோட்டம் செலவின்றி அதைப் பெற்றுக்கொள்ளும். அதனால் எவரும் செலவிட முன்வரார். இந்தச் சிக்கலைத் தீர்க்க 1925-இல் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பிறந்தது. அதற்குப் பணம் அரசாங்கக் கருவூலத்திலிருந்து வரவில்லை. நாட்டைவிட்டு ஏற்றுமதியாகும் ரப்பர் ஒவ்வொன்றின்மீதும் ஒரு சிறு தொகை ‘செஸ்’ என்ற பெயரால் பிடிக்கப்பட்டது. தொழில் தானே தன் கல்விக்குத் தலைக்கு இவ்வளவு என்று வரி போட்டுக்கொண்டது எனலாம். தப்பித்துக்கொள்ள எவருக்கும் வழியில்லை. ஆகவே ஏமாற்றும் பயமும் இல்லை. சிறந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

அதன் பலனும் பெரிது. சுங்கை பூலோவில் ஆராய்ச்சித் தோட்டம் எழுந்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் புகழ்பெற்ற மரவகை, ஜாவாவின் ஜிர் 1 வகையையும் மலாயாவின் பி.பி. 86 வகையையும் இணைத்துப் பெறப்பட்டது. பி.பி. என்பது பிராங் புசார் தோட்டத்தின் பெயர்ச் சுருக்கம். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய ஆங்கிலப் படையதிகாரிகள் திறந்த தோட்டம் அது. அத்தோட்ட நிலத்தின்மேல்தான் 1995 முதல் புத்ராஜெயா எழுந்தது. அரசாங்க அலுவலகங்களுக்குச் சென்று வரிசையில் நிற்கும் லாபுவாசிகளில் எத்தனை பேர், உலகம் முழுவதும் நட்ட மரங்களின் தாய்க் கன்றுகள் அந்த மண்ணில் நின்றன என்பதை அறிவார்கள்? 1960-இல் இயற்கை ரப்பர் ஆராய்ச்சி மாநாடும், 1975-இல் அனைத்துலக ரப்பர் மாநாடும் கோலாலம்பூரில் கூடின. வேதியியலாரும் தாவரவியலாரும் பொறியியலாரும் தோட்ட நிர்வாகிகளும் ஆய்வுரை படித்தனர்.

செஸ் தொகையில் சிறுதோட்டக்காரரின் பங்கும் இருந்தது. ஐந்து ஏக்கர் வைத்திருந்த கம்பத்து மலாய்க்காரரின் ரப்பரும் கப்பலேறும்போது அதே தொகையைக் கொடுத்தது. ஆயினும் கழகம் தொடக்கத்தில் பெருந்தோட்டங்களையே நோக்கியிருந்தது. சிறுதோட்டக்காரருக்கு அறிவுரை சொல்லும் தனிப்பிரிவு 1930-களில்தான் ஏற்பட்டது. அதன் பயிற்றுநர்கள் கம்பம் கம்பமாகச் சென்று பட்டை வெட்டவும், பாலைத் தூய்மையாக உறைய வைக்கவும் கற்பித்தனர். இது தாமதமானாலும் நடந்தது. தோட்டத் தொழிலாளியை எண்ணி இப்படி ஒரு பிரிவு எழவில்லை. அவன் தனி ஆள் அல்லன், தோட்டத்தின் ஓர் உறுப்பு. தோட்டம் கற்றால் அவன் கற்றதாகக் கொள்ளப்பட்டது. செஸ் அவன் சட்டைப் பையிலிருந்து நேராகப் போகவில்லை என்பது உண்மையே. ஆனால் ஒரு இராத்தல் ரப்பரின் விலையில் முதலில் கழிக்கப்படும் செலவுகளில் அதுவும் ஒன்று; கழித்தபின் மீதத்திலிருந்துதான் கூலி பேசப்பட்டது. 1930-இல் உலக மந்தம் வந்து ரப்பர் விலை சரிந்தபோது கூலி வெட்டுண்டது, பல்லாயிரவர் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். தொழிலின் இழப்பில் அவனுக்குப் பங்கிருந்தது. அதன் கல்வியில் பங்கில்லை.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டையும் மறைக்கலாகாது. 1929-இல் சுங்கை பூலோ வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்த மலையாளக் குடும்பத்துப் பிள்ளையாகிய பி. சி. சேகர், 1949-இல் அதே ஆராய்ச்சிக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்து, 1966-இல் அதன் முதல் ஆசியத் தலைவரானார். 1973-இல் மகசாசே விருதும் பெற்றார். தோட்டத்துப் பிள்ளையால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. எனினும் அவர் சென்ற வழி ஆங்கிலக் கல்வியின் வழி. லயத்துப் பிள்ளைகளுக்குத் திறந்திருந்தது வேறு வழி. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி செல்லும் வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி வைக்க வேண்டும். அப்பள்ளி பலவிடங்களில் ஒரு கொட்டகை; ஆசிரியர் பலவிடங்களில் கிராணி அல்லது படிக்கத் தெரிந்த கங்காணி. தொடக்கப்பள்ளியோடு படிப்பு முடிந்தது. அதற்கு மேல் போக ஆங்கிலம் வேண்டும், ஆங்கிலத்துக்குப் பட்டணம் வேண்டும், பட்டணத்துக்குப் பணம் வேண்டும்.

சேகர் காலத்தில் நிகழ்ந்த ஒரு மாற்றம் இன்றைய தொழில்நுட்ப ஊழியருக்கு ஒரு பாடம் போன்றது. அதுவரை ரப்பரின் தரத்தைக் கண்ணால் பார்த்தே பிரித்தனர். புகையூட்டிய தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அழுக்கு, குமிழி, பூசணம் இருக்கிறதா என்று பார்த்து வகைப்படுத்தும் ஆட்கள் ஒவ்வொரு ஸ்டோரிலும் இருந்தனர். புகைக்கூண்டில் எவ்வளவு விறகு, எத்தனை நாள் என்பதை மூக்காலேயே அறிந்தவர்கள் அவர்கள். 1965-இல் தரக்கட்டுப்பாடு பெற்ற மலேசிய ரப்பர்த் திட்டம் வந்தது. ரப்பரைப் பொடியாக்கி, உலர்த்தி, கட்டியாக அழுத்தி, அதில் உள்ள அழுக்கும் சாம்பலும் எத்தனை விழுக்காடு என்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்து தரம் குறிக்கும் முறை அது. செயற்கை ரப்பரோடு போட்டியிட இது தேவையே. ஆனால் புகைக்கூண்டுக்காரரின் முப்பதாண்டுக் கண்ணும் மூக்கும் புதிய முறைக்கு மாறிய இடங்களிலெல்லாம் மதிப்பிழந்தன. ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய் பிடிக்க வேறு ஆள் வந்தான். அந்தப் பழைய ஆளை அனுப்பிக் கற்பித்திருக்கலாமே என்று கேட்கலாம். அனுப்புவதற்குரிய நிதி நாட்டில் இருந்தது. அனுப்புவோர் பட்டியலில் அவன் பெயர் இருக்கவில்லை.

முதலாளி ஏன் அனுப்பத் தயங்குகிறார்? இதற்குப் பேராசையே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது; முழு உண்மை அன்று. 1794-இல் சென்னையில் கம்பெனி அரசாங்கம் மைக்கேல் டாப்பிங் என்பவரைக்கொண்டு நில அளவைப் பள்ளியொன்றைத் தொடங்கியது. எட்டே மாணவர்கள். பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. இங்கிலாந்திலிருந்து அளவையாளரை வரவழைப்பது மிகுந்த செலவு. உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது மலிவு. அதனால் கம்பெனி செலவிட்டது. கற்றவர்கள் கம்பெனியைவிட்டு வேறெங்கும் போக வழியும் இல்லை, ஏனெனில் அளக்க வேண்டிய நிலமெல்லாம் கம்பெனியிடமே இருந்தது. கற்றவன் ஓடிப்போக மாட்டான் என்ற உறுதி இருந்தால் முதலாளி செலவிடுவார் என்பது இதிலிருந்து தெரிகிறது.

அமெரிக்கப் பொருளியலறிஞர் கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட ‘மனித மூலதனம்’ என்னும் நூலில் இதைக் கோட்பாடாக வகுத்தார். ஒரே ஆலையில் மட்டும் பயன்படும் திறனைக் கற்பிக்க அந்த ஆலை பணம் கொடுக்கும். எங்கும் பயன்படும் திறனைக் கற்பித்தால் கற்றவன் அதிகச் சம்பளத்துக்கு அடுத்த ஆலைக்குப் போய்விடலாம். ஆகவே அதன் செலவைக் கற்பவனே ஏற்க நேரும். லாபுத் தோட்டத்தில் பால் வெட்டக் கற்றவள் போர்ட்டிக்சன் தோட்டத்திலும் வெட்டலாம். கணினி வலையமைப்பைக் கற்றவன் நீலாயிலும் வேலை செய்யலாம், சிங்கப்பூரிலும் செய்யலாம். மாநாட்டுக்குப் போய்வந்த ஊழியனை அங்கே சந்தித்த வேறொரு நிறுவனம் இழுத்துக்கொள்ளும் என்ற அச்சம் இன்றும் பல முதலாளிகளுக்கு உண்டு. சில நிறுவனங்கள் பயிற்சிக்கு அனுப்புமுன் இத்தனை ஆண்டு விலகமாட்டேன் என்று கையொப்பம் வாங்குவது இதனால்தான்.

இந்த அச்சத்தை மாற்றச் செஸ் போன்ற ஏற்பாடே மருந்து என்பதைப் பல நாடுகள் தனித்தனியே கண்டன. எல்லா முதலாளிகளிடமும் கட்டாயமாகப் பணம் பெற்றுவிட்டால், பயிற்சி தராமல் பிறர் பயிற்றுவித்த ஆளை இழுத்துக்கொள்பவருக்கு இலாபமில்லை. பிரான்சு 1925-இல், அதாவது மலாயாவில் ரப்பர்க் கழகச் சட்டம் வந்த அதே ஆண்டில், தொழில் பழகுநர் வரியை விதித்தது. ஒரே ஆண்டில் இரு கண்டங்களில் ஒரே எண்ணம்; ஆனால் பிரான்சில் வரி பழகுநனுக்காக, மலாயாவில் மரத்துக்காக! பிரிட்டன் 1964-இலும் சிங்கப்பூர் 1979-இலும் பயிற்சி வரியை ஏற்றன.

மலேசியாவில் மனிதவள மேம்பாட்டுச் சட்டம் 1992-இல் நிறைவேறியது. கேரி பெக்கருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அவ்வாண்டிலேயே. முதலில் 50 பேருக்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட உற்பத்தித் தொழிற்சாலைகள் இதில் சேர்க்கப்பட்டன. ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்கு ஒரு பங்கை முதலாளி லெவியாகக் கட்ட வேண்டும்; அதை ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது. கட்டிய பணம் அந்த முதலாளியின் பெயரில் கணக்கில் நிற்கும். ஊழியருக்குப் பயிற்சி தந்தால் கட்டணத்தையும் படிகளையும் அதிலிருந்து மீட்கலாம். 2001-இல் வேறொரு சட்டம் இதன் இடத்துக்கு வந்தது. பின்னர்ப் படிப்படியாகப் பல துறைகள் சேர்ந்தன. 2021-இல் மேலும் விரிந்தது. பத்து உள்நாட்டு ஊழியர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கு லெவி கட்டாயம். ஐந்து முதல் ஒன்பது பேர் உள்ளவை விரும்பினால் அரை விழுக்காடு கட்டிச் சேரலாம்.

கணக்கொன்று போட்டுப் பார்த்தால் இதன் பலமும் பலவீனமும் விளங்கும். 500 பேர் தலைக்கு 2,000 வெள்ளி சம்பளம் பெறும் ஆலை மாதம் 10,000 வெள்ளி லெவி கட்டும். ஆண்டில் அது 1,20,000 வெள்ளி. எத்தனையோ பேரைப் பயிற்சிக்கு அனுப்பலாம். 20 பேர் மட்டுமே உள்ள பட்டறை அதே சம்பளத்துக்கு ஆண்டில் 4,800 வெள்ளிதான் சேர்க்கும். சிறப்புச் சான்றிதழ்ப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பினாலே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பத்துப் பிள்ளைகளில் பலர் வேலை பார்ப்பது இத்தகைய பட்டறைகளில்தான்.

காலத்தைக் கவனிக்க வேண்டும். 1992-இல் நிதி பிறந்தபோது அது தோட்டத்துக்கு வரவில்லை. உற்பத்தித் தொழிற்சாலையோடு நின்றது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறியதும், வீட்டு நிலமாகவும் தொழிற்பேட்டையாகவும் விமான நிலையமாகவும் மாறியதும் அதே பத்தாண்டின் கதை. 1998-இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்தது. லாபுவிலும் மலிவுக் கட்டண விமான நிலையம் ஒன்று வரப்போகிறது என்று 2009 சனவரியில் பெரும் பேச்சு எழுந்து, அம்மாதம் முடியுமுன்பே கைவிடப்பட்டது வாசகருக்கு நினைவிருக்கலாம். ஆக, எந்தத் தலைமுறைக்குப் புதுத்தொழில் கற்பிப்பது மிகவும் அவசரமாயிருந்ததோ, அந்தத் தலைமுறை தோட்டத்தில் நின்றபோது நிதி ஆலையில் நின்றது.

தொழிலாளர் தாமே வழி கண்ட ஒரு நிகழ்ச்சி இவ்வரலாற்றில் உண்டு. 1954-இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது, பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளர். அச்சங்கம் உறுப்பினர் செலுத்திய மாதச் சந்தாவை அடிப்படையாகக்கொண்டு வளர்ந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் தொழில்நுட்பம் கற்பதற்கென்று கிள்ளான் பகுதியில் தொழிலாளர் தொழில்நுட்பக் கழகம் ஒன்றையும் நிறுவியது. மரம் வெட்டும் கை கொடுத்த காசில் மகன் இயந்திரம் பழகினான். நாராயணன் 1975-இல் உலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்குத் தலைவராகி நாடு நாடாக மாநாடுகளுக்குச் சென்றார். சங்கத்தின் கூலிப் பேச்சுகளைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். இந்தக் கழகத்தைப் பற்றி இருக்க முடியாது. 1960-இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமும் தொழிலாளரின் சிறு தொகைகளைச் சேர்த்து, துண்டாடப்பட்டு விற்கப்பட இருந்த தோட்டங்களையே வாங்கியது. இரண்டிலும் பணம் கொடுத்தவரும் பயன் பெற்றவரும் ஒருவரே. ரப்பர் செஸ்ஸுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. தொகையின் அளவில் மட்டும் அன்று.

இப்போது தனியாருக்குக் கிடைக்கும் உதவிகளும் சில உண்டு. பயிற்சிக் கட்டணத்துக்கு வருமான வரியில் கழிவு தரப்படுகிறது. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் பெறுபவருக்கு அது பயன். வரி கட்டாத அளவுக்குக் குறைந்த சம்பளக்காரருக்கு அதனால் ஒரு காசும் இல்லை. 2018 முதல் சொக்சோ நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் முதலாளியும் ஊழியரும் சம அளவில் சந்தா செலுத்துகின்றனர். வேலை இழந்தவருக்குப் பயிற்சிக் கட்டணமாக 4,000 வெள்ளி வரை அதில் கிடைக்கும். நல்ல திட்டம், ஆனால் வேலை போனபின் வருவது. வேலையில் இருக்கும்போதே அடுத்த படிக்கு ஏற விரும்புபவர் மீண்டும் முதலாளியின் லெவிக் கணக்கையே நாட வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கைப் பற்றி ஊழியர் பலர் அறியாத செய்திகள் இரண்டு. லெவிப் பணத்தைக் கேட்கும் விண்ணப்பம் முதலாளியின் பெயரில்தான் போக வேண்டும். ஊழியர் நேராகக் கேட்க இயலாது. பயிற்சி தொடங்குமுன்பே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். முடிந்தபின் இரசீதைக் கொண்டுபோய் நீட்டினால் பலனில்லை. மற்றொன்று, குறித்த காலத்துக்குள் பயன்படுத்தாத லெவி முதலாளியின் கணக்கிலிருந்து கழிந்துவிடும். பயிற்சியின் பெயர், நாள், கட்டணம், அது எந்தப் பொறிக்கு உதவும் என்னும் விவரங்களை ஒரு தாளில் எழுதி, அலுவலகத்தில் மேலாளரிடம் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நீலாயில் வேலை பார்க்கும் பிள்ளைகள் முதலில் கேட்டறிய வேண்டியது, தங்கள் ஆலை லெவி கட்டுகிறதா, இவ்வாண்டு அதில் எவ்வளவு மீந்திருக்கிறது என்பதே.